கேமியோ இரட்டைக் கொலை, லிவர்பூல் 1949: கெல்லியைத் தூக்கில் ஏற்றியது மறைத்த வாக்குமூலமா, பேரம் பேசி வந்த சாட்சியா?

கோப்பன்:
வழக்கை அறியாதவர்களுக்கு முதலில் சுருக்கம். 1949 மார்ச் 19 இரவு, லிவர்பூல் வேவர்ட்ரீ பகுதியின் கேமியோ திரையரங்கில் மேலாளர் லெனார்ட் தாமஸையும் உதவி மேலாளர் கேட்டரலையும் முகமூடி அணிந்த ஒருவன் அவர்கள் அறையிலேயே சுட்டுக் கொன்றான். துப்பாக்கி சிக்கவில்லை. சில வாரங்களில் காவல்துறைக்கு ஒரு பெயரில்லாக் கடிதம் வந்தது: எங்கள் மீது வழக்குப் போட மாட்டோம் என்று உறுதி தந்தால் ஆளைச் சொல்கிறோம், சம்மதமானால் ‘லிவர்பூல் எக்கோ’வில் விளம்பரம் கொடுங்கள். காவல்துறையும் விளம்பரம் கொடுத்தது. அந்த வழியில் வந்தவர்கள்தான் நார்தம், டிக்சன் என்ற இரு சாட்சிகள். ஜார்ஜ் கெல்லியும் சார்லஸ் கானலியும் கைதானார்கள். 1950 மார்ச் 28 அன்று வால்டன் சிறையில் கெல்லிக்குத் தூக்கு. 2003 ஜூன் 10 அன்று இருவரின் தண்டனையும் ரத்து.

சாட்சி ஒருவர் முன்பு கொடுத்த வாக்குமூலத் தாளைக் காவல்துறை மறைத்ததால் வந்த வினை என்றே பலரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பிக்கும் உறுதியை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு பெயர் சொல்லும் சாட்சி வந்த அன்றே வழக்கு கெட்டுவிட்டது.

செங்கோடன்:
கோப்பன் சார், அந்த ஊரையும் காலத்தையும் விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ரேஷன் 1954 வரை இருந்தது. துறைமுகச் சரக்கு கைமாறிக்கொண்டே இருந்தது. படையை விட்டு ஓடியவர்களுக்கு முறையான ரேஷன் புத்தகம் கிடையாது, கள்ளச்சந்தையை நம்பித்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட வட்டாரத்தில் நடந்த கொலைக்குக் கோயில் குருக்களா சாட்சி சொல்ல வருவார்? உள்ளே இருந்தவன்தான் வருவான், சும்மாவும் வரமாட்டான். உடந்தையாளர் சாட்சியத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து என்று ஜூரிக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, நீதிபதி எச்சரிக்க வேண்டும் என்ற விதி அன்றே இருந்தது. பாதுகாப்பு இல்லாமல் இல்லை. அதைச் செல்லாக்காசாக்கியது ஒளித்துவைத்த வாக்குமூலம்.

இன்னொன்றும் உண்டு. கானலி நீதிமன்றத்தில் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 ஆண்டு வாங்கினார். இதற்கு என்ன பதில்?

ஆதிரை:
தேதிகளை வரிசையாக வையுங்கள், பதில் அதிலேயே இருக்கிறது.

ஜனவரி 1950-இல் இருவருக்கும் சேர்த்து விசாரணை, 13 நாள். ஜூரி ஒத்துப்போகவில்லை. அன்று 12 பேரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும், பெரும்பான்மைத் தீர்ப்பு 1967-இல்தான் வந்தது. பிறகு வழக்கைப் பிரித்தார்கள். கெல்லிக்குத் தனி விசாரணை, பிப்ரவரி 8 அன்று மரண தண்டனை. கானலியின் முறை பிப்ரவரி 13. கொலைக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், கொள்ளையையும் சதியையும் ஒப்புக்கொள் என்கிறது அரசுத் தரப்பு. கூண்டில் நிற்பவர் கண்முன்னே ஐந்து நாள் பழைய தூக்குத் தீர்ப்பு. நிரபராதியும் ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொண்ட அந்தத் தண்டனையைத்தான் 2003-இல் நீதிமன்றம் சேர்த்து ரத்து செய்தது.

கெல்லியைக் குற்றவாளி என்ற ஜூரியில் ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர் இருந்தார், அவருக்கு அங்கே உட்காரத் தகுதியே கிடையாது. மேல்முறையீட்டில் இதை எடுத்தார்கள். ஜூரியாகப் பதவிப் பிரமாணம் எடுக்கும் முன்பே ஆட்சேபித்திருக்க வேண்டும் என்று தள்ளிவிட்டார்கள். கெல்லிக்காக வாதாடியவர் ரோஸ் ஹைல்பிரான், இங்கிலாந்தில் அரச வழக்கறிஞர் பட்டம் பெற்ற முதல் இரு பெண்களில் ஒருவர். திறமைக் குறைவால் தோற்ற வழக்கு இல்லை இது.

கோப்பன்:
எச்சரிக்கை விதி இருந்தது என்கிறீர்கள், செங்கோடன். அது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். உடந்தையாளர் ஒருவரின் சாட்சியம் இன்னொரு உடந்தையாளருக்கு ஆதாரமாகாது. நார்தமும் டிக்சனும் ஒருவரையொருவர் தாங்க முடியாது. வெளியிலிருந்து மூன்றாவது குரல் வேண்டும். துப்பாக்கியும் இல்லாத வழக்கில் அது எங்கிருந்து வரும்? சிறையிலிருந்து வந்தது. வால்டன் கைதி ராபர்ட் கிரகாம், கெல்லிக்கும் கானலிக்கும் இடையே சேதி கொண்டுபோனேன், இருவரும் என்னிடம் ஒப்புக்கொண்டார்கள் என்றார். நீங்கள் சொல்லும் பாதுகாப்பு விதியே கிரகாமுக்குத் தேவையை உண்டாக்கியது என்பது என் வாதம். பேரச் சாட்சி இல்லையென்றால் அவரைத் தேடிப் போயிருக்கவே வேண்டாம்.

அதற்கு முன்பே, 1949 இலையுதிர்காலத்தில், அதே கிரகாம் காவல்துறையிடம் வேறொரு வாக்குமூலம் கொடுத்திருந்தார்: டொனால்ட் ஜான்சன் என்பவர் இந்தக் கொலையைத் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக. ஜான்சன் இதே வழக்கில் கொலைக்குப் பின் உடந்தை என்று நிறுத்தப்பட்டு விடுதலையானவர், அதனால் அவரைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஒரே கொலைக்கு ஒரே கைதியிடம் இரண்டு தரப்பு ஒப்புதல் என்பதுதான் விஷயம். கெல்லி தரப்பு வழக்கறிஞர்களுக்கு இது தெரியவே இல்லை. 1991-இல் காவல்துறைக் கோப்புகளைத் தனி ஒருவர் புரட்டியபோதுதான் வெளியே வந்தது.

செங்கோடன்:
இப்போது நீங்களே என் பக்கம் வந்து நிற்கிறீர்கள். அந்தத் தாள் ஹைல்பிரான் கையில் இருந்திருந்தால் குறுக்குவிசாரணையில் கிரகாம் பத்து நிமிடம் தாங்கியிருக்க மாட்டார். 2003 தீர்ப்பின் மையமும் அதுதான். பேரம் என்பதற்காக மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. பிறகு சட்டம் போன திசையையும் பாருங்கள்: கட்டாய எச்சரிக்கையை 1994-இல் எடுத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு ஆவணம் காட்டும் கடமையை 1996-இல் சட்டமாக்கினார்கள், 2005-இல் சாட்சியோடு பேசும் பேரத்தை எழுத்து ஒப்பந்தமாக்கினார்கள். சாட்சியை ஒதுக்கவில்லை, பேரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். சரியான வழி அது.

ஆதிரை:
எழுத்து ஒப்பந்தம் வெளியே இருக்கும் நார்தம்களைக் கட்டுப்படுத்தும். சிறைக்குள் இருந்து வரும் சாட்சிக்கு அது போதாது, அங்கே பேரம் பெரும்பாலும் வாய்விட்டுப் பேசப்படுவதில்லை. அவரைச் சோதிக்க ஒரே வழி தேதி. அவர் சொல்லும் ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, அது எந்த நாளில் நாளிதழில் வந்தது, எந்த நாளில் மாஜிஸ்திரேட் முன் சொல்லப்பட்டது என்று பக்கத்தில் எழுத வேண்டும். எங்கும் வெளியாகாத விவரம் ஒன்றாவது மிஞ்சுகிறதா? பிறகு அறை ஒதுக்கீட்டுப் பதிவேடு: அந்த இருவரோடு அவர் பேசியிருக்கவே முடியுமா? கடைசியாக, இதே ஆள் முன்பு யார் யார் மீது வாக்குமூலம் கொடுத்தார்? கிரகாம் விஷயத்தில் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை காவல்துறை அலமாரியில் இருந்தது. கேட்கும் உரிமை வழக்கறிஞருக்கு அன்று இல்லை.

கோப்பன்:
செங்கோடன், அந்தத் தாள் தப்பிப் பிழைத்ததால் 2003 வாய்த்தது. 1997-இல் தொடங்கிய குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பக் கையில் பொதுவாகப் புதிய ஆதாரமோ புதிய வாதமோ வேண்டும். கோப்பைக் கிழித்துப் போட்டிருந்தால்? அதே பேரம், அதே இரு சாட்சிகள், அதே தூக்கு, எல்லாம் சட்டப்படி சரியாகவே இருந்திருக்கும். அதனால்தான் மறைத்த தாள் என்ற விளக்கத்தோடு என்னால் நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

செங்கோடன்:
கோப்புகளை அழிக்கக்கூடாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை. பேரச் சாட்சியே கூடாது என்றால், தாமஸ், கேட்டரல் குடும்பங்களுக்கு எந்தச் சாட்சியைக் கொண்டு பதில் சொல்வீர்கள் என்பதை மட்டும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

கோப்பன்:
கெல்லியைத் தூக்கில் போட்டதும் அவர்களுக்குப் பதில் ஆகவில்லையே. கொன்றவன் யார் என்பது 2003-க்குப் பிறகும் நிரூபிக்கப்படவில்லை.