டர்போ காரில் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர் மாத்தின கதை: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள் (ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் மேல அவரவர் ஊர்ப் பேர்)

பாளையங்கோட்டை

இஞ்சினுக்குப் போற பெட்ரோலோட பிரஷரைக் கட்டுப்படுத்துற சாமான்தான் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர். நம்ம ஊர்ல ரெகுலேட்டர் மாத்தணும்னு சொன்னா எல்லாரும் கேஸ் சிலிண்டரைத்தான் நினைப்பாவ. வண்ணார்பேட்டையில ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில "ஃபேனுக்கா அண்ணாச்சி?"ன்னு கேட்டே கேட்டுட்டாவ. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. இந்தச் சாமானைத் தனியாக் கேட்டு வர்ற ஆளு வருஷத்துக்கு ஒருத்தன் இருந்தா அதிசயம்.

வண்டி ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், 2006 மாடல். செகண்ட் ஹேண்ட். முந்தின ஓனர் மணிக்கு 255 லிட்டர் தள்ளுற பம்ப் போட்டு வச்சிருந்தார். ரெகுலேட்டர் மட்டும் கம்பெனியில வந்த 3 பார்தான் (பார்ங்கிறது பிரஷர் அளவு). வாங்கும்போது "பம்பே பெருசு தம்பி"ன்னு பெருமையாச் சொன்னாவ, நானும் பூரிச்சுப் போயிட்டேன்.

காலையில முதல் ஸ்டார்ட்ல போர்ட்டிகோ முழுக்க பெட்ரோல் வாடை. மிதிக்காம ஐடில்ல விட்டா ஆர்பிஎம் ஏறி இறங்கும். பிளக்கைக் கழத்தினா நாலும் கரி. பழக்கமான மெக்கானிக் ஆக்சிஜன் சென்சார்னார், மாத்தினோம். காத்து அளக்குற சென்சார்னார், அதையும் மாத்தினோம். ரெண்டுக்கும் ஆன செலவுல ஒரு நல்ல பிரஷர் கேஜ் ஆறு வாங்கியிருக்கலாம். கேஜ் போட்டுப் பாக்கணும்னு ரெண்டு பேருக்குமே அப்பத் தோணல.

கடைசியில ரெயில்ல பிரஷர் கேஜ் மாட்டினோம். பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர்களுக்கு அதைப் பிரிச்சு விடுற குழாய்தான் ரெயில். இஞ்சினுக்குக் காத்து போற மேனிஃபோல்ட்ல இருந்து ரெகுலேட்டருக்கு வர்ற வேக்கம் ஹோஸைக் கழத்தி, அதன் வாயை அடைச்சுட்டு ஐடில்ல பாத்தா 3 பார் காட்டணும். காட்டினது 3.6. காரணம் லேசானது. ரெகுலேட்டருக்குள்ள ஒரு டயாஃப்ரமும் (ரப்பர் சவ்வு) ஸ்பிரிங்கும் இருக்கு. தேவைக்கு மேல வர்ற பெட்ரோலை அது ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்குத் திருப்பி விடும். ஐடில்ல இஞ்சின் குடிக்கிறது கொஞ்சூண்டு, பம்ப் தள்ளுறது மழைக்காலத்து தாமிரபரணி கணக்கா. அவ்வளவும் அந்தச் சின்ன ஓட்டை வழியாத் திரும்பணும்னா முடியுமா? வழி பத்தாம பிரஷர் ஏறி நிக்குது. வண்டி சூடானா கம்ப்யூட்டர் கழிச்சுச் சரி பண்ணிக்கிடும். குளிர்ச்சியில ஆக்சிஜன் சென்சார் சூடாகி முழிக்கிறதுக்கு முன்னால அந்தக் கணக்கு நடக்காது. காலை வாடை அதனால.

பெரிய ரிட்டர்ன் உள்ள, ஸ்குரூ வச்சுத் திருப்புற ரெகுலேட்டர் ஆன்லைன்ல வரவழைச்சேன். மாட்டப் போனா, கேஜ் போர்ட்ல மரை ரெண்டு சுத்து ஏறி நின்னுக்கிட்டு. மெக்கானிக் டேப் சுத்தி இறுக்கிடலாம்னார். பெட்ரோல் ஆச்சே, எனக்கு மனசு ஒப்பல. தச்சநல்லூர்ல ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். அங்க இருந்த பெரியவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு மரை கேஜை வச்சுப் பாத்தார். "இது அமெரிக்கா மரை, இஞ்சுக்கு 27. உம்ம கேஜ் பிஎஸ்பி, பிரிட்டிஷ் மரை, 28. பாக்க ஒண்ணு போல இருக்கும். சேத்து வச்சா ஒழுகும்வே." அரை மணி நேரத்துல பித்தளையில அடாப்டர் கடைஞ்சு குடுத்துட்டார். இந்த வேலை முழுசுலயும் என்னை ஏமாத்தாத ஒரே சாமான் அதுதான்.

மாட்டுறதுக்கு முன்னால பம்ப் ஃபியூஸை உருவிட்டு, வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டோம். லைன்ல நிக்கிற பிரஷர் அப்பத்தான் இறங்கும். அப்படியும் லைனைத் திறக்கையில துணி சுத்தித்தான் திறக்கணும். அப்புறம் ஆலன் கீ வச்சுப் பைய, கால் சுத்து கால் சுத்தாத் திருப்பி 3 பார்ல நிறுத்தி லாக் நட்டை இறுக்கினோம். ஹோஸை மாட்டினதும் முள்ளு 2.4-க்கு இறங்கிச்சு. இறங்கணும். மேனிஃபோல்ட் உறிஞ்சுற அளவுக்கு ரெயில்லயும் குறைஞ்சாத்தான் இன்ஜெக்டரோட ரெண்டு பக்கத்து வித்தியாசமும் 3-லயே நிக்கும். அதே மாதிரி டர்போ மேனிஃபோல்டுக்குள்ள 0.8 பார் காத்தழுத்தம் (பூஸ்ட்) தள்ளினா ரெயில் 3.8-க்கு ஏறணும்.

இங்கதான் கோட்டித்தனம் ஒண்ணு நடந்துபோச்சு. பழைய வேக்கம் ஹோஸ் நீளம் பத்தலன்னு மெக்கானிக் மீன் தொட்டிக்குப் போடுற டியூப்பை மாட்டி விட்டிருக்கார். எனக்குத் தெரியாது. நாங்குநேரி தாண்டி வள்ளியூரைப் பாக்க நாலுவழிச்சாலையில போறேன். முன்னால காத்தாடி இறக்கை ஏத்தின லாரி, நீளம் ஒரு தெரு அளவுக்கு. மூணாவது கியர்ல மிதிச்சேன். பாதி லாரி தாண்டுகையில டப்புன்னு இழுவை விட்டுச்சு, தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம். காலை எடுத்துட்டு லாரிக்குப் பின்னாலயே ஒதுங்கி, ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினா, டியூப் சூட்டுல இளகிக் கழண்டு தொங்குது.

ஹோஸ் இல்லன்னா ரெகுலேட்டருக்கு பூஸ்ட் இருக்கதே தெரியாது. ரெயில்ல 3, எதிர்ல தள்ளுறது 0.8, மிச்சம் 2.2. பெட்ரோல் சுமார் 14 சதவீதம் குறைஞ்சுபோகுது, அதுவும் ரொம்பத் தேவைப்படுற நேரத்துல. பெட்ரோல் பத்தாம சூடு ஏறி, அன்னைக்குப் பிளக் சோப்புக்கட்டி மாதிரி வெளுத்திருந்தது. பிஸ்டன் தப்பினது யார் செஞ்ச புண்ணியமோ. இப்ப துணி பின்னின பெட்ரோல் ஹோஸ், ரெண்டு பக்கமும் கிளிப்.

ஆலங்குளம்

அதே 1.8 டர்போ இஞ்சின்தான் எங்கிட்டயும். நான் பம்பைத் தொடல. 3 பார் ரெகுலேட்டரை எடுத்துட்டு 4 பார் போட்டா பவர் கூடும்னு எவனோ சொன்னதை நம்பினேன். மாத்துறது பத்து நிமிஷ வேலை, ஒரு கிளிப்பு, ரெண்டு ஓ-ரிங்கு. முதல் நாள் பறக்குற மாதிரி இருந்தது. அது மனப்பிராந்தி. நாலாம் நாள் செக் இஞ்சின் லைட். ஸ்கேனர்ல ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) மைனஸ் 13.

கணக்கு போட்டா சரியாத்தான் வருது. பிரஷர் மூணுல ஒரு பங்கு கூடினா பெட்ரோலும் மூணுல ஒரு பங்கு கூடாது, வர்க்கமூலம்தான் கூடும், சுமார் 15 சதவீதம். 115-ல 13 சதவீதம் கழிச்சா பழைய 100. கூடினதை கம்ப்யூட்டர் அப்படியே கழிச்சுட்டு உக்காந்திருக்கு. கம்ப்யூட்டர்ல டியூனிங் பண்ணாம இதைப் போடுறது, மோருல தண்ணி ஊத்திட்டு ஆளுக்குக் குடுக்கிற டம்ளரைச் சின்னதாக்குற மாதிரி. மறுபடி 3 பாரே போட்டுட்டேன், லைட்டும் அணைஞ்சது.

அம்பாசமுத்திரம்

முப்பது வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். என் அனுபவத்துல பாதி பேர் அப்கிரேடுன்னு வர்றாவ, உள்ள இருக்க பழசுல டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும். வேக்கம் ஹோஸை உருவி மோந்து பாருங்க. உள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா முடிஞ்சுது, வேற டெஸ்டே வேண்டாம். இஞ்சின் அந்த ஹோஸ் வழியாவே பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டு இருக்கும். கறுப்புப் புகை, ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், இஞ்சின் ஆயில்லகூட பெட்ரோல் வாடை வரும்.

இன்னொண்ணு. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டி ரப்பர் அதுக்குன்னு செஞ்சதில்ல. போன மாசம் கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருத்தர் வண்டியில ரிட்டர்ன் ஹோஸை மடக்கினேன், காஞ்ச முறுக்கு மாதிரி வெடிப்பு. கீழ சூடா டர்போ. தீப்பிடிக்காம வந்து சேந்தது அதிர்ஷ்டம். ரெகுலேட்டர் மாத்துறவங்க ஹோஸ், ஓ-ரிங் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரப்பர்ல மாத்திடுங்க. வைட்டான்னு கேட்டா குடுப்பாவ.

வள்ளியூர்

புது டர்போ வண்டிக்காரங்க ஆசைப்பட வேண்டாம். நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற டிஎஸ்ஐ மாதிரி இஞ்சின்ல இந்த வேக்கம் ஹோஸ் சமாச்சாரமே கிடையாது. அங்க ஹை பிரஷர் பம்ப்லயே வால்வு இருக்கு, கம்ப்யூட்டர் பாத்துக்கிடும். ஒரு நாள் முழுக்க பானெட்டுக்குள்ள தேடினவன் சொல்லுதேன்.

சங்கரன்கோவில்

டீசல் டர்போவுக்கு இதே மாதிரி போடலாமா அண்ணாச்சி?

அம்பாசமுத்திரம்

தொடாதீங்க தம்பி. டீசல் வண்டி காமன் ரெயில்ல ஓடுற பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல போகும். வண்டி ஓடும்போது ஒழுகுதான்னு விரலை வச்சுப் பாத்தா தோலைத் துளைச்சு உள்ள போயிரும். சின்னப் புள்ளி போலத்தான் தெரியும், ஆனா விரலையே எடுக்குற அளவுக்குப் போகும். அது பெட்ரோல் ரெகுலேட்டர் ஜாதியே இல்ல.

பாளையங்கோட்டை

ஒண்ணு விட்டுப்போச்சு. கிளிசரின் நிரப்பின கேஜை பானெட்டுக்குள்ளயே நிரந்தரமா விட்டிருந்தேன், முள்ளு ஆடாதேன்னு. அக்கினி நட்சத்திரத்துல மத்தியானம் வேக்கம் ஹோஸைக் கழத்திப் பாத்தா 2.7. இறங்கிட்டுன்னு ஸ்குரூவைத் திருப்பி 3 ஆக்கினேன். மறுநாள் காலையில 3.3. சூட்டுல கேஜுக்குள்ள காத்து விரிஞ்சு முள்ளைக் கீழ தள்ளியிருக்கு, ரெகுலேட்டர் மேல தப்பே இல்ல. தலையில இருக்க ரப்பர் மூடியை லேசா நெம்பி காத்தை விட்டா சரியாயிரும். இப்ப கேஜைக் கழத்தி டூல் பெட்டியில வச்சுட்டேன், அடாப்டர் வாய்க்கு ஒரு பிளக்.

ஆலங்குளம்

அந்த லேத்துக் கடை தச்சநல்லூர்ல எங்கன? எனக்கும் ஒரு அடாப்டர் கடையணும்.

பாளையங்கோட்டை

ரயில்வே கேட் பக்கம் வந்துட்டு போன் போடும், கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை வராதீரும், பெரியவர் திறக்க மாட்டார். ரெகுலேட்டரைக் கையோட கொண்டு வாரும், மரையைப் போட்டோவுல காட்டினா ஏசுவார்.