பாதி ஆய்வில் ஃப்ரீசர்ஃபர் பதிப்பை மாற்றலாமா?

புறணி_மாணவி: அல்சைமர் ஆய்வுக்காக 140 பேரின் மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் என்னிடம் இருக்கின்றன. மூளைப் பகுதிகளை ஸ்கேனிலிருந்து பிரித்து அளக்கும் மென்பொருளான ஃப்ரீசர்ஃபரின் 6-ஆம் பதிப்பில் 80 பேருடையதை ஓட்டி முடித்தேன். இப்போது சர்வரில் 7 வந்துவிட்டது. மீதி 60-ஐ அதிலேயே ஓட்டலாமா? தலைக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. எல்லாவற்றையும் மறுபடி ஓட்டச் சொன்னால் அழுதுவிடுவேன்.

கணக்குப்பிள்ளை: தாராளமாக ஓட்டுங்கள். பகுப்பாய்வில் பதிப்பு எண்ணையும் ஒரு மாறியாகச் சேர்த்துவிட்டால் போதும்.

ஐயவாதி: கூடவே கூடாது. மென்பொருளை எழுதியவர்களே ஓர் ஆய்வுக்கு ஒரே பதிப்பு, ஒரே இயங்குதளம் என்றுதான் சொல்கிறார்கள். மாஸ்ட்ரிக்ட் குழு ஒன்று 2012-இல் அதே ஸ்கேன்களை 4.3.1, 4.5.0, 5.0.0 என மூன்று பதிப்புகளில் ஓட்டிப் பார்த்தது. கன அளவில் சராசரியாக 8.8 சதவீதம், மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனில் 2.8 சதவீதம் வேறுபாடு. மேக் இயங்குதளத்தின் பதிப்பை மாற்றியதற்கே விடை நகர்ந்தது. அல்சைமர் நோயாளியின் ஹிப்போகேம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) ஓராண்டில் சுருங்குவதே 4 முதல் 5 சதவீதம்தான்!

கணக்குப்பிள்ளை: அந்த 8.8 பல பகுதிகளின் சராசரி. ஹிப்போகேம்பஸுக்கு அப்படியே பொருந்தாது. அவை பழைய பதிப்புகளும்கூட. பயமுறுத்தாதீர்கள்.

ஐயவாதி: சரி, ஹிப்போகேம்பஸை ஒப்பிட்டது என் அவசரம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: முதல் 80 பேர் யார்?

புறணி_மாணவி: ஏறக்குறைய எல்லோரும் நோயாளிகள். ஆரோக்கியமானவர்கள் பிறகுதான் சேர்ந்தார்கள்.

கணக்குப்பிள்ளை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நோய் எது, பதிப்பு எது என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். நேரம்தான் கவலை என்றால், இதே வேலையை வேகமாகச் செய்ய ஜெர்மனியின் பான் நகரத்துக் குழு எழுதிய ஃபாஸ்ட்சர்ஃபரில் 140-ஐயும் ஓட்டுங்கள். நல்ல ஜி.பி.யு. (வரைகலைச் செயலி) இருந்தால் பகுதி பிரிப்பு ஒரு நிமிடத்தில் முடியும். புறணிப் பரப்புக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆகும்.

இருட்டறை: பதிப்புக்காக இவ்வளவு சண்டை. யாராவது படங்களைத் திறந்து பார்த்தீர்களா? மூளையை மூடிய டியூரா உறையையும் புறணி என்று இந்த மென்பொருள் எண்ணிவிடுவது உண்டு. ஸ்கேன் நடக்கும்போது தலை அசைந்தால் புறணி மெலிந்ததாகக் காட்டும். அதிகம் அசைபவர்கள் நோயாளிகள். பிறகென்ன, அசைவே நோயாகிவிடும்.

கணக்குப்பிள்ளை: பிரிட்டனின் மருத்துவத் தரவுத் திட்டமான யு.கே. பயோபேங்க் ஒரு லட்சம் பேரைக் குறிவைத்து ஸ்கேன் எடுத்தது. அத்தனையையும் கண்ணால் பார்ப்பது யார்? கையால் திருத்தினால் ஆளுக்கொரு விடை வரும். மோசமான ஸ்கேனைக் கண்டுபிடிக்கவும் தானியங்கி அளவுகோல் இருக்கிறது.

இருட்டறை: அவர்களுக்கு லட்சம், இவருக்கு 140. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடியும். யார் நோயாளி என்பது தெரியாதபடி பெயர்களை மறைத்துவிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டாம், விலக்கினால் போதும்.

ஐயவாதி: விலக்கினால் நோயாளிகள்தான் அதிகம் கழிவார்கள். அதுவும் ஒரு சாய்வுதான். எத்தனை பேரை, ஏன் விலக்கினீர்கள் என்று கட்டுரையில் எழுதுங்கள்.

புறணி_மாணவி: 7-ஐ, பதிப்பும் சூழலும் மாறாதபடி மென்பொருளை அடைத்துவைக்கும் கண்டெய்னரில் பூட்டிவைத்து 140-ஐயும் முதலிலிருந்து ஓட்டப்போகிறேன். ஃபாஸ்ட்சர்ஃபருக்கு எங்கள் சர்வரில் ஜி.பி.யு. இல்லை. பழைய முடிவுகளில் பத்தை இப்போது திறந்தேன். மூன்றாவதிலேயே டியூரா.