பாஸ்தா சூப்பில் புரதம் கூட்ட வழி சொல்லுங்க (மெல்ல முடியாத அப்பா, பசி அடங்காத மகன்)

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல வாரத்துல பாதி நாள் ராத்திரிக்கு பாஸ்தா சூப்தான். அப்பாவுக்கு 74 வயசு. புதுப் பல்செட் இன்னும் சரியாப் பொருந்தல, எதையும் கடிச்சு மெல்ல முடியல. எடை குறைஞ்சிட்டே வருது, சாப்பாட்டுல புரதத்தைக் கூட்டுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். மகனுக்கு 16 வயசு. நீச்சல் பயிற்சி முடிச்சு வந்து ரெண்டு கிண்ணம் குடிப்பான், படுக்கப் போறதுக்குள்ள மறுபடி பசிக்குதும்பான்.

வெங்காயம், பூண்டு, கேரட் வதக்கி, தக்காளி போட்டு, தண்ணி விட்டு, கொதி வந்ததும் எல்போ மக்ரோனியைப் போடுவேன். கடைசியில மிளகுத்தூள், கொஞ்சம் சீஸ். ருசியில குறையே இல்ல. ஆனா வயித்துல நிக்க மாட்டேங்குது. புரதப் பவுடர் கலக்க எனக்கு இஷ்டமில்ல, சாப்பாட்டுலயே வரணும். இன்னொன்னு, மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சா காலையில சூப்பே இல்ல, பாஸ்தா எல்லாத்தையும் உறிஞ்சிக் குழைஞ்சு கிடக்குது. ரெண்டுக்கும் என்ன பண்றதுங்க?

செம்பருத்தி:

மழைத்துளி, நான் முதியோர் இல்லம் ஒண்ணுல சமையலறையைப் பாத்துக்கறேன். மெல்ல முடியாதவங்களுக்குச் சமைக்கறதுதான் என் வேலை, அதனால இதை விரிவாவே எழுதறேன்.

முதல்ல உங்க சூப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்க. வேகாத பாஸ்தா 100 கிராம்ல புரதம் 12, 13 கிராம். சூப்புல ஆளுக்கு 40 கிராம் பாஸ்தா போட்டா 5 கிராம்தான் ஆச்சு. கேரட்டும் தக்காளியும் அதுல பெருசா எதையும் சேர்க்காது. பாஸ்தாவை இன்னும் அள்ளிப் போட்டா மாவுச்சத்துதான் கூடும். புரதம் அந்தச் சாறுலயே கரைஞ்சிருக்கணும். வயசானவங்க நாலு கரண்டி உள்ள போனதுமே போதும்னு தட்டைத் தள்ளிடுவாங்க. அந்த நாலு கரண்டியும் வெறும் தண்ணியா இருந்தா என்ன பிரயோஜனம்?

நான் நம்பறது மைசூர் பருப்பு. சிவப்பா, தோல் இல்லாம இருக்குமே, அதேதான். ஊற வைக்க வேண்டாம், 20 நிமிஷத்துல கரைஞ்சே போயிடும். பருப்பு இருக்குன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது, சூப் கெட்டியா இருக்குன்னு மட்டும்தான் தெரியும். அதோட வெள்ளை பீன்ஸ். பாதியை முழுசா விட்டு மீதியை அரைச்சு ஊத்தினா க்ரீம் ஊத்தின மாதிரி வழவழப்பு வந்துடும்.

நாலு பேருக்குன்னா மைசூர் பருப்பு 100 கிராம், காஞ்ச வெள்ளை பீன்ஸ் 150 கிராம், பாஸ்தா 160 கிராம். பருப்புல 24, பீன்ஸ்ல ஏறக்குறைய 34, பாஸ்தாவுல 20. ஆக 78 கிராம். ஆளுக்கு 19 கிராமுக்கு மேல வருது. 5 எங்க, 19 எங்க! புரதம் அமினோ அமிலங்கள்ங்கற சின்னச் சின்ன துண்டுகளால ஆனது. கோதுமையில அதுல லைசின்னு ஒண்ணு குறைவு, பருப்பு வகையில அது நிறைய. பருப்புல குறையற மெத்தியோனின்ங்கற இன்னொரு அமினோ அமிலத்தை கோதுமை ஈடுகட்டும். அதனால இந்த ரெண்டும் நல்ல ஜோடி.

செய்முறைக்கு வர்றேன். பீன்ஸை முந்தின நாள் ராத்திரியே ஊற வெச்சிடுங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு டீஸ்பூன் உப்பு கலந்து ஊற வெச்சா தோல் விறைக்காம மெத்துனு வேகும். உப்பு போட்டா பீன்ஸ் வேகாதுன்னு பலரும் சொல்வாங்க, நம்பாதீங்க. வேக விடாம தடுக்கறது புளிப்புதான். பீன்ஸ் நல்லா நசுங்கற பதம் வர்ற வரைக்கும் தக்காளியைக் கிட்டவே கொண்டு வராதீங்க. ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குக்கர்ல வெச்சு வேக விடுங்க.

இன்னொரு பாத்திரத்துல வெங்காயம், கேரட், செலரி மூணையும் பொடியா நறுக்கி, ஆலிவ் எண்ணெய்ல சின்னத் தீயில நிதானமா வதக்குங்க. அவசரப்படாதீங்க, அசைவம் எதுவும் போடாத சூப்புக்கு ருசியே இங்கதான் பிறக்குது. பூண்டு போட்டு, தக்காளி பேஸ்ட் ரெண்டு ஸ்பூன் சேர்த்து, பளிச்சுன்னு இருக்கற சிவப்பு மாறி செங்கல் நிறம் வர்ற வரைக்கும் கிளறுங்க. அப்புறம் பருப்பு, ஒண்ணரை லிட்டர் தண்ணி, ஒரு பிரிஞ்சி இலை. பருப்பு கரைஞ்சதும் வெந்த பீன்ஸ் முழுசும் அரைச்சதுமா உள்ள போகட்டும். பார்மசான் சீஸோட கெட்டித் தோல் வீட்ல கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, சூப்போட சேர்ந்து கொதிக்கட்டும். இறக்கறப்ப எடுத்துடலாம்.

பாஸ்தாவைத் தனியா வேக வைங்க. மிச்சம் ஆகறதைக் கொஞ்சம் எண்ணெய்ல புரட்டித் தனி டப்பாவுல எடுத்து வைங்க. பரிமாறும்போது கிண்ணத்துல பாஸ்தாவைப் போட்டு மேல கொதிக்கற சூப்பை ஊத்துங்க. காலையில குழைஞ்சு கிடக்கறதுக்கு வழியே இல்ல. அப்பாவோட பங்கை மட்டும் பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்தைவிட ரெண்டு மூணு நிமிஷம் கூடுதலா வேக விடுங்க. எல்போவுக்குப் பதிலா அரிசி மாதிரி இருக்கற ஓர்சோ கிடைச்சா அவருக்கு இன்னும் சுலபம்.

அப்பாவுக்கு சாப்பிடும்போது இருமலோ புரையேறுறதோ இருக்கா? விழுங்கறதுல சிரமம் உள்ளவங்களுக்கு நீர்த்த சாறும் கட்டியும் கலந்திருக்கற சூப் ஆபத்து, தண்ணி முந்திக்கிட்டுத் தொண்டைக்குள்ள போயிடும். அப்படி ஏதாவது இருந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. சிறுநீரகத்தையும் பாத்துட்டுத்தானே புரதம் கூட்டச் சொன்னாங்க? அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கடுகுமணி:

செம்பருத்தி சொன்ன பருப்புக் கணக்கு அருமை, ஆனா பாஸ்தாவைத் தனியா வேக வைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. இத்தாலியில பாஸ்தா எ ஃபஜோலின்னு செய்றாங்களே, பாஸ்தாவும் பீன்ஸும் சேர்ந்த சூப், அதுல பாஸ்தா பெரும்பாலும் சூப்புலயே வேகும். அது விடற மாவுச்சத்துதான் சாறைக் கெட்டியாக்கி பீன்ஸோட இணைக்குது. தனியா வேக வெச்சா அந்தச் சத்து வடிச்ச தண்ணியோட சிங்க்ல போயிடுமே.

அடிப்படை சூப்பை மொத்தமா செஞ்சு வெச்சுக்கோங்க. அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் சின்னப் பாத்திரத்துல எடுத்துக் கொதிக்க விட்டு, அந்த வேளைக்கான பாஸ்தாவை அதுலயே போடுங்க. கொஞ்சம் கூடுதல் தண்ணி சேர்க்கணும், அடி பிடிக்காம கிளறிட்டே இருக்கணும். மிச்சமும் ஆகாது, ருசியும் போகாது.

வெள்ளை பீன்ஸ் கிடைக்காம ராஜ்மா போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராஜ்மாவுல இயற்கையாவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காடா சாப்பிட்டா சில மணி நேரத்துல வாந்தியும் வயித்துப்போக்கும் வந்துடும். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில நல்லாத் தளதளன்னு கொதிக்க விடணும். 10 நிமிஷமாவது கொதிக்கணும், 30 நிமிஷம்னா பயமே வேண்டாம். ஸ்லோ குக்கர்ல நேரா பச்சை ராஜ்மாவைப் போடவே கூடாது, அந்தச் சூடு பத்தாது. பெரியவங்க இருக்கற வீடு, இதுல கவனமா இருங்க.

செம்பருத்தி:

கடுகுமணி, ஒத்துக்கறேன், உங்க முறையில ருசி கூடுதல்தான். நாலு பேர் சேர்ந்து உக்காந்து சாப்பிடற வீட்டுக்கு அதுவே சரி. ஆளுக்கொரு நேரத்துல சாப்பிடற வீடுன்னா தனியா வேக வைக்கறதுதான் கைகொடுக்கும். ராஜ்மா பத்தி நீங்க சொன்னதை எல்லாரும் கண்டிப்பா படிக்கணும்.

பசுந்தளிர்:

முட்டை சாப்பிடுவீங்களா? ஒரு முட்டையில 6 கிராம் புரதம். ஆளுக்கு ஒண்ணுன்னு எடுத்து, துருவின சீஸோட அடிச்சு, சூப் மெல்லக் கொதிக்கும்போது நூல் மாதிரி ஊத்திக்கிட்டே கிளறுங்க. மெல்லிசா இழை இழையா வெந்துடும், பல்லுக்கு வேலையே இல்ல.

மகனுக்கு கோழி. எலும்போட தொடைக்கறியா வாங்கி, சூப்புலயே சின்னத் தீயில 35, 40 நிமிஷம் வேக விட்டு எடுத்து, பிச்சு அவன் கிண்ணத்துல மட்டும் போடுங்க. வெந்த கோழி 100 கிராம்ல 25 கிராம் புரதம் தாராளமா இருக்கு. நெஞ்சுக்கறியில அதைவிட அதிகம்தான், ஆனா சூப்புல ரொம்ப நேரம் கிடந்தா வறண்டு நார் நாரா ஆயிடும். அதை அப்பாவுக்குத் தராதீங்க.

சைவம் மட்டும்னா மிருதுவான டோஃபுவை (சோயா பால்ல செய்ற பனீர் மாதிரி) மிக்ஸியில அடிச்சு ஊத்தலாம். தயிர் ஊத்தறதா இருந்தா அடுப்பை அணைச்ச பிறகுதான், கொதிக்கும்போது ஊத்தினா திரிஞ்சிடும்.

மழைத்துளி:

மனசு நிறைஞ்ச நன்றிங்க எல்லாருக்கும். சிறுநீரகம் நல்லா இருக்குன்னு பரிசோதனை பாத்துட்டுத்தான் டாக்டர் சொன்னார். புரையேறுறது இல்ல, பல் மட்டும்தான் பிரச்சனை. முட்டை எல்லாரும் சாப்பிடுவோம். 5 கிராம்தான்னு படிச்சதும் அப்பாவை நினைச்சு ரொம்ப வருத்தமாயிடுச்சு. வயிறு நிறையக் குடிக்கறாரேன்னு இருந்தேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. கொண்டைக்கடலை மாவு, பருப்பு மாவுல செஞ்ச பாஸ்தா வருதே, அதை வாங்கலாமா? இந்த சூப்பை எத்தனை நாள் வெச்சுக்கலாம்?

செம்பருத்தி:

வாங்கலாம். அதுல 100 கிராமுக்கு 20 கிராமும் அதுக்கு மேலயும் புரதம் இருக்கும். ஆனா கோதுமையில மாவைப் பிடிச்சு வெக்கற குளூட்டன்ங்கற புரதம் இதுல இல்லாததால சூப்புல சீக்கிரம் உடைஞ்சு கரைஞ்சிடும். அதை மட்டும் கடுகுமணி முறையில செய்யாதீங்க, தனியா வேக வெச்சு சாப்பிடறப்ப சேருங்க. சூப்புலயே இவ்வளவு பருப்பு இருக்கறப்ப அது கட்டாயம் இல்ல, மகன் ஆசைப்பட்டா பாத்துக்கலாம்.

பாஸ்தா போடாத அடிப்படை சூப்பை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. பெரிய பாத்திரத்தோட வெச்சா நடுவுல சூடு நின்னு கெட்டுப்போகும், அகலமான சின்ன டப்பாக்கள்ல பிரிச்சு வைங்க. 3 நாள் நல்லாருக்கும். ஃப்ரீசர்ல ரெண்டு மூணு மாசம் தாங்கும், ஆனா முட்டையும் தயிரும் சேர்க்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிடணும். மறுபடி சூடாக்கும்போது கெட்டியா இருக்கும், அரை டம்ளர் தண்ணி விட்டு நல்லாக் கொதிக்கற வரைக்கும் சுட வைங்க. உப்பை அப்ப ஒரு தடவை பாத்துக்கோங்க.