பழைய ஸ்டூடியோ படம் மாதிரி எடுக்கணும்: குங்குமம் வெளுத்துப் போகுது, என்ன செய்யலாம்?

வீரவநல்லூர்ப் பேரன்:

எங்க தாத்தாவும் ஆச்சியும் 1954-ல கல்யாணம் முடிஞ்சு ஸ்டூடியோவுல எடுத்த படம் ஒண்ணு உண்டு. தாத்தா நாற்காலியில உக்காந்திருப்பாவ, ஆச்சி நாற்காலி முதுகுல கை வச்சு நிப்பாவ. 2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சித்தப்பா வீட்டுக்குள்ள தண்ணி ஏறி, படம் ஃபிரேமோட நனைஞ்சு கண்ணாடியில ஒட்டிப் போச்சு. அதுக்கு முன்னாடி போன்ல எடுத்து வச்ச காப்பிதான் இப்போ தெளிவா இருக்கு. வாற ஆவணியில ஆச்சிக்கு 90 முடியுது. அண்ணனையும் மதினியையும் அதே மாதிரி நிக்க வச்சு எடுத்து ஆச்சி கையில குடுக்கணும்.

பட்டாசல் கூடத்துல வடக்கு ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, போன வாரம் காலையில 9 மணிக்கு எடுத்தோம். வடக்கு வெளிச்சம்னா மெதுவா விழும்னு படிச்சிருந்தேன். ஆனா மதினி கன்னத்துல வெயில் பட்டை பட்டையா விழுது. ஸ்னாப்சீட்ல கருப்பு-வெள்ளை ஆக்கி, கீறலும் செப்பியாங்கிற பழுப்பு நிறமும் ஏத்திப் பார்த்தேன். என்ன செஞ்சாலும் பழைய படமா தெரியல. ஆச்சி படத்துல குங்குமம் கன்னங்கரேல்னு இருக்கு, கூறைப்பட்டும் கருப்பு. மதினி உடுத்தியிருக்கது ஆச்சியோட அதே அரக்குப் பட்டுதான், ஆனா படத்துல வெளிறின சாம்பலா வருது. குங்குமம் நெத்தியில இருக்கதே தெரியல. எங்க பிசகுது?

பாளை லென்ஸ்:

முதல்ல கீறலை எடுத்துடுங்க. அப்புறம், எவ்வளவு தூரத்துல நின்னு எடுத்தீங்க? முழு உருவமும் வரணும்னு ஆறடியில நின்னு மெயின் கேமராவுல எடுத்தா உக்காந்திருக்கிறவர் முழங்கால் பெருத்து, தலை சிறுத்துடும். பழைய ஸ்டூடியோ கேமரா அப்படிக் காட்டாது. போன்ல 2எக்ஸ், 3எக்ஸ் ஜூம் வச்சுப் பத்துப் பன்னிரண்டடி பின்னால போங்க. போனை உக்காந்திருக்கிறவர் நெஞ்சு உயரத்துக்கு இறக்கி ஸ்டாண்டுல வையுங்க.

டவுன் ஸ்டூடியோக்காரர்:

தம்பி, குங்குமத்தைக் கவனிச்சீங்க பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. அந்தக் காலத்து ஸ்டூடியோவுல நெகட்டிவ் எடுத்த ஆர்த்தோங்கிற கண்ணாடி பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் பச்சையும்தான் அதுல பதியும். சிவப்பு பதியலைன்னா பிரிண்ட்ல அந்த இடம் கருப்பு. குங்குமம், அரக்குப் புடவை, வெத்தலை போட்ட உதடு எல்லாம் கருக்கும். நீல வானம் வெறும் வெள்ளையாப் போகும். சிவப்பையும் பிடிக்கிற பேன்குரோ வந்து ரொம்ப வருஷம் கழிச்சும் ஆர்த்தோ புழக்கத்துல இருந்துது. சிவப்பு லைட்டைப் போட்டுக்கிட்டு, நெகட்டிவ் ஏறுறதைக் கண்ணால பாத்தே டெவலப் பண்ணலாம்ல, அந்த வசதி பேன்குரோவுல கிடையாது. நீங்க சொல்லுத அடையாளத்தை வச்சுப் பாத்தா ஆச்சி படமும் ஆர்த்தோதான்.

ஸ்னாப்சீட் கருப்பு-வெள்ளையில கலர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கும். சிவப்போ ஆரஞ்சோ தொட்டிருந்தா குங்குமம் வெளுக்கத்தான் செய்யும். பச்சையைத் தொடுங்க. கம்ப்யூட்டர்னா கிம்ப்ல மோனோ மிக்சரைத் திறந்து சிவப்பு 0, பச்சை 0.6, நீலம் 0.4-ல ஆரம்பிங்க. இதைக் கலர் படத்துலதான் செய்யணும். போனே கருப்பு-வெள்ளையா எடுத்துக் குடுத்துட்டா அப்புறம் நிறத்தைப் பிரிக்க வழியில்ல. முழுசா நீலத்துக்கும் போயிடாதீங்க. நம்ம தோல் நிறம் ரொம்ப இறங்கிடும், ஜேபெக் படத்துல முகம் திட்டுத் திட்டா ஆகும். முகத்துல லேசா பவுடர் போட்டுக்கிட்டா நல்லது. அந்தக் காலத்துலயும் போட்டுத்தான் உக்கார வைப்பாவ.

அடுத்து வெயில். வடக்கு ஜன்னல்ங்கிறது சீமைக்காரன் அவன் ஊருக்கு எழுதி வச்சது. நம்ம திருநெல்வேலி 8.7 டிகிரியில இருக்கு. சித்திரை பிறந்ததுல இருந்து ஆவணி நடு வரைக்கும் உச்சியில சூரியன் நமக்கு வடக்கால நிக்கும். இந்த ஆனி மாசத்துல காலை 9 மணிக்கு வடகிழக்குல இருந்து ஜன்னலுக்குள்ள நேரா அடிக்கும். இப்போதைக்குத் தெக்குப் பாத்த தார்சாவுக்கு, அதான் தாழ்வாரத்துக்கு, மாறிக்கிடுங்க. அது தோதுப்படலைன்னா முற்றத்துக்கு மேல ரெண்டு எட்டு முழ வேட்டியை மூட்டி இழுத்துக் கட்டுங்க. பழைய ஸ்டூடியோவுல கண்ணாடிக் கூரைக்குக் கீழ வெள்ளைத் திரை ஓடும். ஒரு பக்கம் தள்ளி, ஒரு பக்கம் மூடி முகத்துல நிழல் வைப்பாவ. உங்களுக்கும் வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து கூடுதலா வரணும், ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி இருந்தா முகம் தட்டையாயிடும்.

கீறலைப் பத்தி பாளைக்காரர் சொன்னது ரொம்பச் சரி. ஆஃப் பிளேட் நெகட்டிவே 4¾-க்கு 6½ இஞ்ச். பேப்பரை அதுமேல ஒட்ட வச்சு அதே அளவுல பிரிண்ட் போட்டா கிரெய்ன்ங்கிற புள்ளி எங்கிருந்து தெரியும்? எங்க அப்பா கூரா சீவின பென்சிலை வச்சுக்கிட்டு நெகட்டிவ் மேலயே அம்மைத்தழும்பு, கண்ணடிக் கருப்பு எல்லாத்தையும் நிரவுவாவ. நெகட்டிவ்ல பென்சில் பட்ட இடம் பிரிண்ட்ல வெளுப்பா வரும், தழும்பு மறைஞ்சிடும். இமை மயிரை எண்ணலாம், ஆனா கன்னம் மழமழன்னு இருக்கும். அதான் பழைய ஸ்டூடியோ முகம். அதுமேல புள்ளியும் கீறலும் போட்டு ஏன் கெடுக்கணும்?

கல்லிடை அக்கா:

உடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை. அண்ணன் கையில எச்.எம்.டி. வாட்ச் கட்டி விட்டுடாதீங்க, அது வர ஆரம்பிச்சதே 1961-லதான். மதினி முந்தானையைக் கொசுவி வரிசையா பின் குத்தியிருந்தா எடுத்துட்டு, ஆச்சி படத்துல எப்படி விழுந்திருக்கோ அப்படியே விடுங்க. படம் எடுக்கிற வரைக்கும் புருவம் திரெட்டிங் வேண்டாம். வேற எதை விடவும் அது காலத்தைக் காட்டிக் குடுத்துடும். ஆச்சி பாம்படம் போட்டிருந்தாவன்னா அதுக்குக் காது வளத்திருக்கணும், கிளிப்புல தொங்க விட்டா நிக்காது. மதினிக்குக் கம்மல் போதும். தரையில டைல்ஸ் தெரியக்கூடாது. பத்தமடைப் பாய் அழகுதான், ஆனா அது வீட்டுத் தரைக்கு. ஸ்டூடியோ படம்னா ஜமக்காளம்தான் பொருந்தும்.

ராதாபுரம் தம்பி:

இவ்வளவு எதுக்கு? ரெண்டு பேர் போட்டோவையும் ஏஐ-ல குடுத்து 1954 ஸ்டைல்னு சொன்னா ஒரு நிமிஷத்துல வந்துருமே.

டவுன் ஸ்டூடியோக்காரர்:

வரும் தம்பி. ஆனா மூக்கும் தாடையும் கொஞ்சம் கொஞ்சம் மாறி வேற ஆளா வரும். பேரன் தாத்தா சாடையில இருக்கான்னு ஆச்சி பாத்து அறியணும், அதுக்குத்தானே இவ்வளவு பாடும்! பின்னால சுவிட்ச் போர்டு தெரிஞ்சா அதை அழிக்க ஏஐ வச்சுக்கிடுங்க, முகத்தைத் தொட விடாதீங்க. போன்லயே பியூட்டி மோடையும் எச்.டி.ஆரையும் அணைச்சிடுங்க. எச்.டி.ஆர். நிழலை எல்லாம் தூக்கி விட்டுடும்.

வீரவநல்லூர்ப் பேரன்:

அண்ணாச்சி, தெக்குத் தார்சாவுல எடுத்துப் பச்சை ஃபில்டர் போட்டாச்சு. குங்குமம் கருப்பா நிக்கு! புடவையும் ஆச்சி படத்துல இருக்க மாதிரியே இருக்கு. இன்னும் ரெண்டு சந்தேகம். அண்ணன் முகத்துல அந்தக் காலத்து விறைப்பு வரல, வேட்டி மடிப்பே இல்லாம வெள்ளையா எரிஞ்சு போகுது. பிரிண்ட் பழுப்பா போடணுமா?

டவுன் ஸ்டூடியோக்காரர்:

வேட்டிக்கு: போன் திரையில வேட்டியைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைங்க, மடிப்பு தெரியுற வரைக்கும். முகத்தைப் பிறகு எடிட்டிங்ல கொஞ்சம் ஏத்திக்கிடலாம், எரிஞ்ச வெள்ளையைத் திரும்ப எடுக்க முடியாது.

விறைப்புக்கு: அப்போ எக்ஸ்போஷர் அரை செகண்ட், ஒரு செகண்டுன்னு போகும். மூச்சை அடக்கி உக்காரணும், அதான் முகத்துல அப்படித் தெரியுது. பகல் வெளிச்சத்துல உங்க போன் அவ்வளவு நேரம் திறந்து வைக்காது. அதனால மூச்சை விட்டுட்டு, நாலு எண்ணுற வரைக்கும் அசையாதீங்கன்னு சொல்லி மூணுல அழுத்துங்க. "சிரிக்காதீங்க"ன்னு சொன்னா சிரிப்புதான் வரும்.

செப்பியாங்கிறது பிரிண்ட்டைத் தனி மருந்துல முக்கி வெள்ளியை வெள்ளி சல்பைடா மாத்துறது. எல்லாப் படத்துக்கும் செய்யமாட்டாவ. சரியா கழுவாத படம் நாளாக நாளாகப் பழுத்துதான் அந்த நிறம். ஆச்சி கையில முதல் தடவை வாங்கினப்போ கருப்பா பளிச்சுனு இருந்திருக்கும். நீங்களும் கருப்பாவே போடுங்க. மேட் பேப்பர், கால் இஞ்ச் வெள்ளை ஓரம், சாம்பல் அட்டையில ஒட்டித் தரச் சொல்லுங்க.

கண்ணாடியில ஒட்டின அசலை யார் சொன்னாலும் உரிக்காதீங்க. ஜெலட்டின் கண்ணாடியோட வந்துடும், முகம் போயிடும். கண்ணாடியோடயே நிமித்தி வச்சு, பக்கவாட்டு வெளிச்சத்துல, போனுக்குப் பின்னால ஒரு கருப்புத் துணியைத் தொங்க விட்டு எடுங்க, பிரதிபலிப்பு விழாது. இருக்க காப்பியை விட அது தெளிவா வரலாம்.