காசிக்கு போறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த சந்துகள்ல நடக்க முடியுமா?

வெற்றிலைக்கொடி:
எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் அம்மாவ காசிக்கு கூட்டிட்டு போக டிக்கெட் போட்டாச்சு. அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முழங்காலும் தேய்மானம், சமதரைல கால் மணி நேரம் நடப்பாங்க, படி ஏறினா அன்னைக்கு ராத்திரி தைலம் தேய்ச்சு விடணும். அப்பா இருந்தவரைக்கும் அடுத்த வருஷம் போலாம் அடுத்த வருஷம் போலாம்னே ஓடிப்போச்சு, இப்ப அவருக்கு திதி குடுக்கத்தான் போறோம். நான் 2014ல ஆபீஸ் வேலையா போனப்ப ஒரே ஒரு நாள் பாத்திருக்கேன், கோதௌலியாங்கற நாற்சந்தில இறங்கி விஸ்வநாதர் சந்துக்குள்ள போனா எதிர்ல ஆள் வந்தாலே தோள் உரசுது, நடுவுல மாடு நிக்குது, பின்னாடி பைக் ஹாரன், கால்ல பால் கொட்டின ஈரம், எனக்கே மூச்சு முட்டிடுச்சு. இப்ப கோவில சுத்தி இடத்த அகலப்படுத்தி காரிடார் வந்து நிறைய மாறிடுச்சுங்கறாங்க. நாலு நாள் இருப்போம். எங்க தங்கலாம், எந்த கோவில் கட்டாயம் பாக்கணும், எத விட்டுடலாம்? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மலைக்கோட்டை:
தாராளமா கூட்டிட்டு போங்க தம்பி, நான் என் மாமியார கூட்டிட்டு போனேன், அவங்களுக்கு 74. 2021 டிசம்பர்ல காரிடார் திறந்தப்புறம் கோவில சுத்தி 5 லட்சம் சதுர அடி வெட்டவெளியா ஆயிடுச்சு, உள்ள வந்துட்டா முன்ன மாதிரி நெரிசல் இல்ல. கங்கை பக்கத்துல இருந்து வரணும்னு மட்டும் ஆசப்படாதீங்க, படி ஜாஸ்தி, ரோட்டு பக்கத்து 4ஆம் நம்பர் வாசல்ல போங்க. வண்டிய கோதௌலியாலயே நிறுத்திடுவாங்க, அங்கேர்ந்து நடைதான், வீல்சேர் கேட்டு வாங்கிக்கோங்க, வெக்கப்படாதீங்க. போன் உள்ள விட மாட்டாங்க, ரூம்லயே வெச்சுட்டு போனா லாக்கருக்கு அலைய வேண்டாம்.
தங்க கோதௌலியா பக்கமே நம்ம நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கு, முன்னாடியே கேட்டு வைங்க. 200 வருஷத்துக்கு மேல அந்த சத்திரத்துலேர்ந்துதான் விஸ்வநாதருக்கு பூஜை சாமான் போகுது, பாலும் பூவும் சந்தனமும் தூக்கிட்டு "சம்போ சம்போ"ன்னு சொல்லிக்கிட்டே நடப்பாங்க, அந்த சத்தம் கேட்டா அவ்ளோ கூட்டமும் தானா வழி விடும். உங்கம்மாவ அத ஒரு தடவ பாக்க வைங்க, எங்க மாமியார் அழுதுட்டாங்க.
தை மாசம் பனிமூட்டம், ட்ரெயின் லேட்டாகும், திதி வெக்கற நாளுக்கு முதல் நாளே போய் சேர்ற மாதிரி பாத்துக்கோங்க.

பிச்சிப்பூ:
பிஎச்யூல (பனாரஸ் இந்து பல்கலைக்கழகம்) படிக்க போய் அஞ்சு வருஷம் காசிலயே இருந்தவ நான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாரும் விஸ்வநாதர், அன்னபூரணி, தசாஸ்வமேத படித்துறை கங்கை ஆரத்தி பாத்துட்டு கிளம்பிடறாங்க, நம்ம ஆளுங்க கேதார் காட் (காட்னா படித்துறை) கோவில விடவே கூடாது. செவப்பும் வெள்ளையுமா பட்டை அடிச்ச சுவர், கங்கைலேர்ந்து பாத்தா நம்ம ஊர் குளக்கரை கோவில் மாதிரியே இருக்கும். ஆத்துப்பக்கம் படி செங்குத்து, அம்மாவ ஏத்தாதீங்க, சந்து பக்கமா வாசல் இருக்கு. லிங்கம் உருண்டையா இருக்காது, பாறை மாதிரி பரந்து நடுவுல கோடு ஓடும், ஒரு பக்தர் பொங்கின கிச்சடிய அதிதிக்கும் தனக்கும்னு ரெண்டா பிரிச்சதே லிங்கமாச்சுன்னு சொல்லுவாங்க. பக்கத்துலயே குமாரசாமி மடம், 17ஆம் நூற்றாண்டுல குமரகுருபரர் ஏற்படுத்தினது, டெல்லி பாதுஷா கிட்ட பேச இந்துஸ்தானி வரணும்னு சரஸ்வதிய வேண்டி சகலகலாவல்லிமாலை பாடினது இந்த ஊர்லதான்னு சொல்லுவாங்க. அங்கேர்ந்து கொஞ்ச தூரம் ஹனுமான் காட், சந்துக்குள்ள தமிழ் கேக்கும், திதி குடுக்க தமிழ் தெரிஞ்ச சாஸ்திரிகள் கிடைப்பாங்க, தொகைய முன்னாடியே பேசிடுங்க. பாரதியார் 1898லேர்ந்து 1902 வரைக்கும் அத்தை வீட்டுல இருந்து படிச்சதும் அங்கதான், வீட்ட பாக்கலாம்.
இன்னொண்ணு, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, பொணம் எரிக்கற மணிகர்ணிகா படித்துறை பக்கத்து சந்துகள்ல "ராம் நாம் சத்ய ஹை"ன்னு குரல் வந்தா பாடை வருதுன்னு அர்த்தம், நிமிஷத்துல வந்துடும், உடனே பக்கத்து கடைப்படி மேல ஏறி நின்னுடணும். பயப்பட ஒண்ணும் இல்ல. காசிக்காரங்களுக்கு அது தெருவுல போற இன்னொரு யாத்திரை, அவ்ளோதான்.

சீவாளி:
அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் நாதஸ்வரக்காரன், நான் போனது ஒரே ஒரு எடத்துக்காக. பஞ்சகங்கா படித்துறை பக்கம் பாலாஜி கோவில், பிஸ்மில்லா கான் சின்ன வயசுல மாமாவோட ஒக்காந்து ஷெனாய் சாதகம் பண்ண எடம். கூட்டமே இல்ல, கீழ கங்கை, பக்கத்துல ஔரங்கசீப் காலத்து மசூதி. பெருமாள் கோவில் வாசல்ல ஒரு முஸ்லிம் புள்ள வருஷக்கணக்கா ஊதி ஊதி பாரத ரத்னா வரைக்கும் போயிருக்காரு, அந்த கல்லு மேல ஒக்காந்து நான் மனசுக்குள்ளயே ஒரு தோடி வாசிச்சேன். ஆனா அங்க படி ரொம்ப அதிகம், அம்மாவுக்கு வேணாம் ப்ரோ, படகுலேர்ந்தே காட்டுங்க. காலைல மண் கோப்பைல மலையோ வாங்கி குடுங்க, பாலை ராத்திரி பனில வெச்சு கடைஞ்ச நுரை, குங்குமப்பூ வாசம், குளிர்காலத்துல மட்டும்தான் கிடைக்கும்.

வெற்றிலைக்கொடி:
போயிட்டு வந்துட்டோம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ட்ரெயின் ஏழு மணி நேரம் லேட், மலைக்கோட்டை அண்ணா சொன்னபடி ஒரு நாள் முன்னாடியே போனதால தப்பிச்சோம். ஹனுமான் காட்ல திதி நல்லபடியா முடிஞ்சுது, பிண்டத்த கங்கைல விடறப்ப கை நடுங்கிடுச்சு எனக்கு. ஒரு சின்ன சன்னதில மட்டும் ஒருத்தர் அம்மா கைல அட்சதைய திணிச்சு சங்கல்பம் பண்ணிட்டு 1100 ரூபாய் வெச்சாத்தான் விடுவேன்னு கைய புடிச்சுக்கிட்டாரு, அங்க மனசு கசந்துபோச்சு.
விசாலாட்சி கோவிலுக்குள்ள போனதும் அம்மா "நம்ம ஊரு கோவில்டா இது"ன்னுட்டாங்க, நகரத்தார் பாத்துக்கற கோவில், பாவாடை கட்டி மாலை போட்டு அப்படியே நம்ம அம்மன். பூசாரி தீபத்த சாய்ச்சு பின்னாடி காட்டினாரு, பெரிய சிலைக்கு பின்னாடி கைக்கு அடக்கமா தேஞ்சுபோன கல்லு ஒண்ணு, அதுதான் ஆதி விசாலாட்சியாம். முகமே தெரியல, ஆனா அம்மா அதையேதான் பாத்துட்டு இருந்தாங்க.
வெளிய வந்து வளையல் கடைல நிக்கறோம், பிச்சிப்பூ அக்கா, நீங்க சொன்ன அந்த குரல் வந்துச்சு. கடைக்காரர் அம்மாவ கைய புடிச்சு படி மேல ஏத்திக்கிட்டாரு. மூங்கில் பாடை, மஞ்சள் ஜரிகைத் துணி, சாமந்தி, தூக்கினவங்க வெறுங்கால். அந்த துணி ஓரம் அம்மா புடவைல பட்டுட்டு போச்சு. நான் பதறிட்டேன், ஊர்ல இருந்தா உடனே குளிக்கணும்னு சொல்றவங்க அம்மா. ஒண்ணும் சொல்லல. கும்பிட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு "இந்த பச்சை வளையல் எவ்ளோன்னு கேளு"ன்னாங்க.
கடைசி நாள் காலைல காய் ஒண்ணு, பழம் ஒண்ணு இனிமே சாப்பிடறதில்லன்னு விடணும்னாங்க. அம்மா பாகக்காய்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன், சுரைக்காயையும் பலாப்பழத்தையும் விட்டாங்க. பலாப்பழம்னா அவங்களுக்கு உசுரு, அப்பாதான் கைல எண்ணெய் தடவிக்கிட்டு ஒவ்வொரு சுளையா எடுத்து குடுப்பாரு.
காலபைரவர் கோவில் கறுப்பு கயிறு ஒரு கட்டு வாங்கினோம், தெருவுல எல்லா வீட்டுக்கும் குடுத்தாச்சு. கங்கை சொம்பு சாமி ரூம்ல இருக்கு, இப்ப ராமேஸ்வரம் போயி அபிஷேகம் பண்ணாத்தான் யாத்திரை முடியும்னு சொல்றாங்க. அந்த சொம்ப கோவில்ல யார்கிட்ட குடுக்கணும், டிக்கெட் வாங்கணுமா? 22 தீர்த்தமும் இந்த முழங்காலோட சுத்த முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.