ஆயில் பிரஷர் சென்சார் மரையில் டெஃப்லான் டேப்: இதை இன்னுமா சொல்லிக்கொடுக்கிறீங்க?

ஓம்விதி:
பழைய அம்பாசடர் 1489 சிசி பெட்ரோலுக்கு ஆயில் பிரஷர் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் வெளியில் வாங்கி மாட்டுவது பற்றி ஒரு குறிப்பு சுத்திக்கிட்டு இருக்கு. அதில் ஒரு வரி: "சென்சார் மரையில் ஐந்தாறு சுற்று டெஃப்லான் டேப் சுத்தி இறுக்குங்க, ஒரு சொட்டு ஒழுகாது." ஒழுகாதுதான். மீட்டரும் உண்மையைக் காட்டாது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற பாதை) கிடைப்பதே அந்த மரை வழியா. அங்கே டேப் சுத்தினா எர்த் பாதையில் தடை ஏறும்.

கணக்கு இதோ. மீட்டர் பார்க்கிறது சென்சாரோட மின்தடையை, அதாவது ஓமை. 5 பார் (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) அளவுள்ள வீடிஓ கம்பெனி சென்சார் பிரஷர் இல்லாதப்போ 10 ஓம், முழு அளவில் 184 ஓம். ஒரு பாருக்குச் சுமார் 35 ஓம். டேப்பால் 10 ஓம் கூடினா மீட்டர் கிட்டத்தட்ட 4 பிஎஸ்ஐ அதிகமாக் காட்டும். சூடான ஐட்லிங்கில் 10 பிஎஸ்ஐ இருக்கிற இன்ஜின் 14ன்னு சொல்லும். டெம்பரேச்சர் சென்சார் இதுக்கு நேர் எதிர், சூடு ஏற ஏற ஓம் குறையும். 100 டிகிரியில் 40 ஓம் பக்கம் இருக்கிறது 50 ஆனா, முள் 90 டிகிரியில் நிக்கும். ரெண்டு பொய்யுமே "எல்லாம் நல்லா இருக்கு"ங்கிற பக்கம்தான் சாயுது. இன்ஜின் சீஸ் ஆனப்புறம் டேப்பையா பிடிச்சுக் கேப்பீங்க?

பட்டறைப்பாண்டி:
அந்தக் குறிப்பு நான் எழுதினதுதான், பேரைச் சொல்லியே திட்டலாம். கணக்கெல்லாம் அழகா இருக்கு தம்பி. ஆனா அந்த 10 ஓம் எங்கிருந்து வந்துச்சு? டேப்பர் மரையை (முனை குறுகிப் போற மரை) இறுக்கும்போது மரையோட முனை டேப்பை அறுத்துக்கிட்டு உலோகத்தோட உலோகம் பிடிக்கும். மல்டிமீட்டரை எடு, ஒரு முனை சென்சார் உடம்பில், இன்னொண்ணு பேட்டரி நெகட்டிவ்ல. அரை ஓம் கூட வராது.

ஓம்விதி:
முதல்ல தம்பின்னு கூப்பிடுறதை விடுங்க. இறுக்கின உடனே அளந்தா அரை ஓம்தான் வரும். இன்ஜின் பலமுறை சூடாகி ஆறி, அதிர்வில் மரை தளர்ந்து, இடுக்கில் ஆயில் ஏறின பிறகு அளங்க. அப்போ டேப் என்ன செய்யுதுன்னு தெரியும்.

மாருதிப்பிரியன்:
சுசுகி சர்வீஸ் மேனுவல்லயே ஆயில் பிரஷர் சுவிட்ச் மரையில் சீலிங் டேப் சுத்தித்தான் மாட்டச் சொல்லியிருக்கு. மாருதி 800 வச்சிருக்கிற எல்லாரும் பார்த்திருப்பாங்க. கம்பெனிக்காரனுக்குத் தெரியாத எர்த்தா?

ஓம்விதி:
அது சுவிட்ச் சார், சென்சார் இல்ல. சுவிட்ச் ஒரு பல்பை எரிக்கும், அணைக்கும், அவ்வளவுதான். 3 வாட் பல்ப் எரியும்போது அதுவே 48 ஓம். இன்னொரு 10 ஓம் சேர்ந்தா கொஞ்சம் மங்கலா எரியும், யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க. சென்சாரில் ஓம்தான் அளவே. இந்த வித்தியாசம் தெரியாம மேனுவலைத் தூக்கிட்டு வராதீங்க.

பட்டறைப்பாண்டி:
சுவிட்சுக்கும் எர்த் அதே மரைதானே? அங்கே கரண்ட் போகுதா இல்லையா? போகுதுன்னா டேப் தடுக்கலைன்னு ஒத்துக்க.

ஓம்விதி:
போகுது. எவ்வளவு தடையோட போகுதுங்கிறதுதான் என் கேள்வி. நாலு தடவை எழுதியாச்சு.

புதுவரவு:
ஐயா, ஒரு சந்தேகம். நீங்க பேசுறது எந்த மரை? பிரிட்டிஷ் அளவு 1/8 பிஎஸ்பியா, அமெரிக்க அளவு 1/8 என்பிடியா, மெட்ரிக் எம்10ல் 1.0 பிட்ச்சா (மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ.)? எம்10 நேர் மரைன்னா செம்பு வாஷர்தானே போடணும்? அங்கே டேப்புக்கு வேலையே இல்லையே?

செம்புக்குழாய்:
ஓம், எர்த், டேப் எதுவும் வேண்டாம். மெக்கானிக்கல் மீட்டர் வாங்குங்க. 1/8 அங்குலச் செம்புக் குழாய், இன்ஜினை விட்டு வெளியே வர்ற இடத்தில் ரெண்டு மூணு சுருள் விட்டு வளைக்கணும். அது இல்லேன்னா அதிர்வில் செம்பு இறுகி நட்டோரமா விரிசல் விடும். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் டிரைவர் பக்கத்துக்கும் நடுத் தகடு) ஓட்டையில் ரப்பர் குரோமெட் (வளையம்) போடணும். ஆயில் நேரா மீட்டருக்கே வருது, பொய் சொல்ல அதில் இடமே இல்ல.

மாருதிப்பிரியன்:
குழாய் விட்டுச்சுன்னா 50, 60 பிஎஸ்ஐ-யில் சுடு ஆயில் டிரைவர் கால்ல. கூடவே கிட்டில் வர்ற நைலான் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போனா உருகியே போகும். நல்ல யோசனை.

செம்புக்குழாய்:
நான் நைலான்னு சொன்னேனா? செம்புன்னு பேரே வச்சிருக்கேன். படிச்சிட்டுப் பேசுங்க.

ஓம்விதி:
மெக்கானிக்கலை வேற இடத்தில் பேசுங்க. இங்கே விஷயம் டேப். எர்த் பிரச்சினை தவிர இன்னொண்ணும் இருக்கு. சுத்தும்போது முதல் மரையைத் தாண்டி முனையில் தொங்குற டேப், பிய்ஞ்சு ஆயில் வழியில் விழும். பிரஷர் சென்சார் வாயில் இருக்கிற துளை ஊசிமுனை அளவுதான். ஒரு துணுக்கு போய் அடைச்சா முள் நின்ன இடத்திலேயே நிக்கும். இதுக்குன்னே காத்துப் படாம இறுகுற பைப் சீலன்ட் இருக்கு. லாக்டைட் 567 மாதிரி. முதல் மரையை விட்டுட்டு ஒரு கோடு தடவினா போதும், உலோகம் உலோகத்தைத் தொடும்.

பட்டறைப்பாண்டி:
லாக்டைட்டும் டெஃப்லான் கலந்ததுதான். அது மட்டும் எர்த்தைத் தடுக்காதா? நீ சொல்ற மாதிரி முள் ஆடினா காரணம் டேப் இல்ல, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற எர்த் பட்டி. பழைய அம்பாசடரில் அது துருவேறி நாலு இழைதான் மிச்சம் இருக்கும். ஹெட்லைட் போட்டா முள் நகருதா? அப்போ பட்டியைப் பார். ரெண்டு பக்கமும் சுரண்டி, புதுசா ஒண்ணு போடு. அதைச் செய்யாம டேப்பைக் குறை சொல்றவன் எலெக்ட்ரீஷியனே இல்ல.

ஓம்விதி:
எர்த் பட்டி முக்கியம்தான். ஆனா நல்ல பட்டி போட்டாலும் சென்சாருக்கும் பிளாக்குக்கும் நடுவில் டேப் உட்கார்ந்திருக்கே?

வைகைக்கரை:
ரெண்டு பேரும் பெரிய தப்பை விட்டுட்டீங்க. அவ்வளவு கனமான சென்சாரை டீ ஜாயின்ட்டில் (T வடிவ மூணு வழி இணைப்பு) பிளாக்கிலேயே தொங்கவிடச் சொல்லுது அந்தக் குறிப்பு. 1/8 பித்தளை நிப்பிள் (குட்டை இணைப்புக் குழாய்) அந்த அதிர்வுக்குத் தாங்காது, கழுத்தில் ஒடியும், மொத்த ஆயிலும் ரோட்டில் போகும். பிளாக்கிலிருந்து பின்னல் ஹோஸ் எடுத்து, டீயை ஃபயர்வாலில் கிளாம்ப் பண்ணி, அதில் சென்சாரையும் பழைய எச்சரிக்கை விளக்கு சுவிட்சையும் மாட்டணும். அப்போ டீ உடம்பிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை இன்ஜின் எர்த்துக்கு இழுத்தே ஆகணும். ரேடியேட்டர் மேல் ஹோஸில் அடாப்டர் போட்டு டெம்பரேச்சர் சென்சார் மாட்டினாலும் அதேதான். ரெண்டு பக்கமும் ரப்பர், அடாப்டருக்கு எர்த்தே கிடையாது.

அதோட அந்த இடம் தெர்மோஸ்டாட் தாண்டி இருக்கு, வால்வு திறக்கிற வரை சூடே தெரியாது. தண்ணி குறைஞ்சு ஹோஸ் காலியாச்சுன்னா சென்சார் காத்தில் நின்னு குறைச்சுத்தான் காட்டும். ஹெட்டில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி இருக்கணும்.

பட்டறைப்பாண்டி:
பார்த்தியா, தனி எர்த் ஒயர் போட்டா டேப் பேச்சே இல்ல. முடிஞ்சது.

ஓம்விதி:
எப்படி முடிஞ்சது? ஒயர் டீ உடம்பில் பிடிச்சிருக்கு. சென்சார் டீக்குள்ள மரையில் உட்கார்ந்திருக்கு. அந்த மரையில் டேப் இருந்தா டீ எர்த் ஆகி என்ன பயன்? ஒயரை சென்சார் உடம்பிலேயே கிளிப் போட்டு இழுக்கணும், இல்லேன்னா எர்த்துக்குத் தனி முனை இருக்கிற ரெண்டு முனை சென்சார் வாங்கணும். அப்போ சுத்துங்க, பத்து சுற்று கூட சுத்துங்க. குறிப்பில் இதில் ஒண்ணாவது இருக்கா?

பட்டறைப்பாண்டி:
குறிப்பில் 12 வோல்ட்டை இக்னிஷன் ஃபியூஸிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கேன். பழைய பெட்ரோல் மீட்டருக்குப் போற 10 வோல்ட் ஸ்டெபிலைசரிலிருந்து எடுத்துட்டு "முள் குறைவாக் காட்டுது"ன்னு அழுறவங்க எத்தனை பேர்? அதை எவனும் பாராட்டல. டேப் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது.

புதுவரவு:
மரை பிட்ச் கேஜ் வச்சுப் பார்த்தேன், பிளாக்கில் அங்குலத்துக்கு 28 மரை, அதாவது பிஎஸ்பி. கிட்டில் வந்த சென்சார் 27, அதாவது என்பிடி. கையில் ரெண்டு சுற்று போய் இறுகுது. அடாப்டர் வாங்கணுமா?

மாருதிப்பிரியன்:
கண்டிப்பா வாங்குங்க. பலமா முறுக்கினா பிளாக் மரையே போயிடும்.

ஓம்விதி:
இதுதான், இதுதான்! இந்த மாதிரி சேராத மரையை ஐந்தாறு சுற்று டேப் போட்டு முறுக்கினா கசிவு தெரியாது, ஆள் சரியா மாட்டிட்டோம்னு போயிடுவார். டேப் தப்பை மூடி மறைக்குது.

பட்டறைப்பாண்டி:
28-ல் 27-ஐ முறுக்கச் சொல்லி நான் எங்கே எழுதியிருக்கேன்? வரியைக் காட்டு. போன மாசம் வாட்டர் பம்ப் கேஸ்கெட் விஷயத்திலும் இப்படித்தான், நான் சொல்லாததைச் சொன்னேன்னு நாலு பக்கம் எழுதின.

ஓம்விதி:
கேஸ்கெட் ரெண்டு பக்கமும் சிலிகான் பூசச் சொன்னது நீங்கதான், அதுவும் பிதுங்கி ரேடியேட்டர் டியூபை அடைக்கும்னு அன்னைக்கே சொன்னேன். அதை எடுத்துக்கிட்டுப் பேச்சை மாத்தாதீங்க. ஐந்தாறு சுற்றுன்னு ஏன் எழுதினீங்க?