‘தடைசெய்யப்பட்ட போர்’: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ராமநாதபுரத்திலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காவல்துறை அறிக்கை வாங்கி மாவட்ட ஆட்சியர் உரிமம் தருவது, தேசியத் தரவுத்தளத்தில் தனி எண், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு 2 துப்பாக்கி, 5 ஆண்டு செல்லுபடி என்று எல்லாம் ஓடிவிட்டது. ‘புரொகிபிட்டட் போர்’ (prohibited bore; போர் என்பது துப்பாக்கிக் குழலின் உட்துளை) வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த வகைக்கு ஆட்சியரிடம் போய்ப் பயனில்லை, மத்திய உள்துறை அமைச்சகம்தான். ‘தடைசெய்யப்பட்ட போர்’ என்று எழுதினால் சமாதான ஒப்பந்தம் மாதிரி இருக்கிறது. நம் ஊரிலோ போர் என்றால் ஆழ்துளைக் கிணறு, இல்லாவிட்டால் வைக்கோல்.

தொண்டியிலிருந்து:
குழல்விட்டம். முடிந்தது.

பாம்பனிலிருந்து:
முடியவில்லை அண்ணே. த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிக்கு அது சரி, 0.303 அங்குலம் விட்டம்தான். 12 போரில் உள்ள 12 விட்டமே இல்லையே! குழலுக்குள் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு, அவ்வளவுதான் கணக்கு. அதனால்தான் 16 போர் 12 போரைவிடச் சிறியது. அளவைத் தொடாத சொல் வேண்டும்: புழை. புழை, புழல், பொள்ளல், பொந்து, பொத்தல் எல்லாம் ஒரே வேர் என்று தோன்றுகிறது. துளை, தொளை, தொண்டு, தொண்டை இன்னொரு குடும்பம். உங்கள் தொண்டியே அதில் பிறந்ததுதான் என்பது என் கட்சி.

தொண்டியிலிருந்து:
எங்கள் ஊரை ஓட்டையாக்கியதற்கு நன்றி.

கீழக்கரையிலிருந்து:
காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்), என் மாமா தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிற மனிதர். அவர் வாயில் வருவது ‘பன்னெண்டு போர்’. புழை என்று அச்சடித்தால் புழல் சிறை என்று படித்து உரிமத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தேவிபட்டினத்திலிருந்து:
போரை விடுங்கள். துப்பாக்கியே துருக்கிச் சொல். முதலில் துமுக்கி என்று மாற்றுங்கள்.

பாம்பனிலிருந்து:
வள்ளுவர் 12ஆம் குறளிலேயே துப்பாக்கி வைத்திருக்கிறார் ஐயா, உரிமம் இல்லாமல்! (அது துப்பு ஆக்கி, உணவாக்கி. சிரிக்கத்தான் சொன்னேன்.)

மண்டபத்திலிருந்து:
தூம்பு? கண்மாயில் தண்ணீர் போகிற வழி, இங்கே ஈயம் போகிற வழி.

தொண்டியிலிருந்து:
‘தடைசெய்யப்பட்ட தூம்பு’ என்று போட்டால் ஆயக்கட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து:
ஞாயிறு இரவு பதினோரு மணி. குழல்விட்டத்துக்கு நான்கு பேர், புழைக்கு ஒருவர், தூம்புக்கு ஒருவர். தேவிபட்டினத்து ஐயா இன்னும் துமுக்கியிலேயே நிற்கிறார். ‘தடைசெய்யப்பட்ட குழல்விட்டம்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘போர்’ என்று எழுதுகிறேன். 12 போர் 12 போராகவே இருக்கும்.

பாம்பனிலிருந்து:
சரி. ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில் 20 அங்குல நீளத்துக்குக் குறையாத குழலுள்ள ‘ஸ்மூத் போர்’ வருகிறதே, அங்கே என்ன செய்தீர்கள்? விட்டம் எங்கேயாவது வழுவழுப்பாக இருக்குமா?

ராமநாதபுரத்திலிருந்து:
‘உள்ளே வரி வெட்டாத துப்பாக்கி’ என்று எழுதித் தப்பித்துவிட்டேன்.

பாம்பனிலிருந்து:
வழுவழுப்புழை. இரண்டு இடத்துக்கும் பொருந்தியிருக்கும்.